துறையில் ஓர் இடம்

பெரிய உல்லாசப் படகு ஒன்றை விலைக்கு வாங்கத் துணிந்தவர், அதன் இயந்திரத்தையும் பாய்களையும் பற்றி மாதக்கணக்கில் விசாரித்து, விஷயம் தெரிந்த பரிசோதகரை அழைத்து வந்து அடிப்புறம் முழுவதையும் தட்டிப் பார்க்கச் செய்து, கடைசி ஆயிரம் டாலர் வரையில் சலிக்காமல் பேரம் பேசி, பத்திரத்தில் கையெழுத்தும் இட்டுவிட்ட பின்னரே, இதை எங்கே கட்டி வைப்பது என்று கேட்கத் தொடங்குகிறார் என்பது இந்த வியாபாரத்தில் நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு விசித்திரம். 20 அடிப் படகாயிருந்தால் இதனால் பெருந்தீங்கு நேர்ந்துவிடாது. இழுவண்டியில் ஏற்றி வீட்டு முற்றத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். குடும்பத்தோடு பல நாள் தங்கிப் பிரயாணம் செய்யத்தக்க 45, 50 அடிப் படகுக்கோ அத்தகைய புகலிடம் இல்லை. அது நீரிலேயே இருந்தாக வேண்டும். நீரில் இருப்பதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடமோ பெரும்பாலும் பிறருக்கு உரியது.

இந்த விவகாரம் மிகவும் சிக்கலாகிக் கிடக்கும் பிரதேசம் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாகாணம். ஆகையால் அதையே எடுத்துக்கொண்டு பேசுவது உசிதம். ஃபோர்ட் லாடர்டேல் என்னும் நகரின் எல்லைக்குள் மட்டும் 165 மைல் நீளத்துக்கு நீர்வழிகள் ஓடுகின்றன என்று அந்நகரத்தார் பெருமையோடு சொல்லிக்கொள்வதைக் கேட்பவர், அங்கே படகு கட்ட இடமில்லை என்று சொன்னால் நகைப்பார். ஆனால் படகுகள் பெருகிய வேகத்தில் துறைகள் பெருகவில்லை. கரையோரத்துக் கண்டல் மரங்களை நினைத்தபடி வெட்டச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. நமது பாக் நீரிணையில் வாழும் ஆவுளியாவுக்கு உறவுமுறையான மானட்டீ என்னும் சாதுவான நீர்ப்பிராணி படகுகளில் அடிபட்டு மடிவதைத் தடுக்கும் பொருட்டு, 1989-ஆம் ஆண்டில் மாகாண ஆட்சியாளர் கவுண்டி என்னும் உட்பிரிவுகளில் 13-க்கு இட்ட கட்டளையின் பயனாக வகுக்கப்பட்ட திட்டங்கள், எந்தக் கரையில் எத்தனை படகுகளுக்குப் புதிதாக இடம் அமைக்கலாம் என்பதற்கும் வரம்பு கட்டியிருக்கின்றன. பழைய படகுத்துறைகளில் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாறிவிட்டன. எஞ்சியவற்றைப் பெரு மூலதனம் விழுங்கி வருகிறது; நாடெங்கும் துறைகளை உடைய சேஃப் ஹார்பர் மெரினாஸ் என்னும் ஸ்தாபனத்தை 2020-ல் ஒரு கம்பெனி வாங்கிற்று, 2025-ல் அதனிடமிருந்து 565 கோடி டாலர் கொடுத்துப் பிளாக்ஸ்டோன் கம்பெனியார் வாங்கினார்கள். வாங்குவதும் விற்பதும் குற்றமாகா. ஆயினும் ஆண்டுக்கணக்கில் தோளில் கைபோட்டுப் பேசிய துறைக் கண்காணிப்பாளர், “உங்கள் இடம் எங்கும் போகாது” என்று சொல்லிவந்த வாய்மொழி, துறை கைமாறிய மறுநாள் செல்லாக் காசாகிவிடும் என்பதைப் படகுடையார் நினைவில் இருத்த வேண்டும்.

வீடும் நிலமும் ஸ்தாவரம், படகு ஜங்கமம் என்ற பாகுபாடு நம்மவருக்குப் பழக்கமானதே. படகுத்துறை இவ்விரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இடமாதலால், அங்கே நமக்குக் கிடைப்பது எத்தகைய பாத்தியதை என்பதில் கற்றவர்களும் மயங்குகிறார்கள். ஃப்ளோரிடா 1845-ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு மாகாணமாகச் சேர்ந்தபோதே, கடலோதம் ஏறி இறங்கும் நீர்வழிகளின் அடிநிலம் பொதுமக்களின் பேரில் மாகாணத்தின் தர்மகர்த்தத்துவத்துக்கு உட்பட்டுவிட்டது. ஆகவே, மரப்பாலங்களை நாட்டி, தண்ணீரும் மின்சாரமும் வைத்து, வாடகை வசூலிக்கிற துறைக்காரரே பல இடங்களில் அடிநிலத்தைப் பொறுத்தவரையில் அரசாங்கத்தின் குத்தகைதாரர்தாம். (கரைநிலத்தை வெட்டி உண்டாக்கிய கால்வாய்களின் நிலை வேறாக இருக்கக்கூடும்.) குத்தகைதாரர் தமக்கு இருப்பதைக் காட்டிலும் பெரிய உரிமையைப் பிறருக்குக் கொடுக்க இயலாது.

அவர் கொடுப்பது சாதாரணமாக ஓர் அனுமதி மாத்திரமே. லைசென்ஸ் என்று அதற்குப் பெயர். இன்ன காலம் வரை இன்ன படகைத் துறையில் கட்டிக்கொள்ளலாம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இராது. குறிப்பிட்ட இடத்தின் எண்ணைக்கூட எழுதாமல், நிர்வாகம் விரும்பியபோது படகை வேறிடத்துக்கு மாற்றலாம் என்ற ஷரத்தும் பெரும்பாலும் உடன் இருக்கும். வீட்டு வாடகைக்காரருக்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பு தமக்கும் தானாகவே உண்டு என்று, படகிலேயே வசிப்பவர் எண்ணிக்கொள்ளுதல் பெரும் பிழை. குத்தகை என்று உண்மையாகவே சொல்லத்தக்க பத்திரம் அபூர்வமாகக் கிடைக்கும். கிடைத்தால் இன்ன இடம் என்பதும், காலமும், புதுப்பிக்கும் உரிமையும் அதில் தெளிவாக வரையப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது வகை, அடுக்குமாடியில் ஒரு வீட்டை வாங்குவதுபோல் துறையில் ஓர் இடத்தையே கிரயம் வாங்குவது; டாக்கோமினியம் என்று அதைச் சொல்கிறார்கள். கிரயம் என்ற சொல்லைக் கேட்டவுடன் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாமல், அடிநிலம் யாருடையது, அரசாங்கக் குத்தகையானால் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி, புயலில் துறை சிதைந்தால் அதைக் கட்டுவதற்குச் சங்கம் ஒவ்வோர் உறுப்பினரிடமும் எவ்வளவு வசூலிக்க அதிகாரம் பெற்றிருக்கிறது என்ற மூன்றையும் விசாரித்த பின்னரே மேலே நடக்க வேண்டும்.

இதில் பொதுமக்களுக்கு அனுகூலமான ஓர் அம்சமும் உண்டு. பலர் அதை அறியார். மாகாண நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த துறைக்காரர், தம் இடங்களில் நூற்றுக்கு 90-க்குக் குறையாமல், முந்தி வந்தவருக்கு முந்திக் கொடுப்பது என்ற முறையில் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருந்தால், ஆண்டுக் குத்தகையில் நூற்றுக்கு 30 தள்ளுபடி பெறலாம் என்பது விதி. அந்தச் சலுகையை அனுபவித்துக்கொண்டே வேண்டியவருக்கு மறைவாக இடம் ஒதுக்குதல் நியாயமன்று. துறையின் குத்தகைப் பத்திரம் அரசாங்க ஆவணமாதலால் எவரும் அதைக் கேட்டுப் பெறலாம். காத்திருப்போர் பட்டியலில் தம் பெயர் எங்கே நிற்கிறது என்று கேட்பவரிடம் அந்தப் பத்திரத்தின் பிரதியும் இருக்குமானால், பதில் மரியாதையாக வரும்.

இனி, இடம் தேடும் காரியம். இங்கே முதல் எதிரி அளவு. படகின் பெயரோடு விற்பனைக்காரர் சேர்த்துச் சொல்லும் 45 என்ற எண் உடற்பகுதியின் நீளமாக இருக்கலாம். துறைக்காரரோ முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நங்கூரத் தாங்கியையும், பின்னால் நீந்தி ஏறுவதற்கு அமைத்த மேடையையும், சிறுதோணியைத் தூக்கி வைக்கும் வளைகைகளையும் சேர்த்து நுனிமுதல் நுனிவரை அளந்து, அடிக்கு இவ்வளவு என்று வாடகை கணக்கிடுவார். அன்றியும், படகின் நீளம், இடத்தின் நீளம் ஆகிய இரண்டில் எது பெரிதோ அதற்கே வாடகை என்பது பரவலான வழக்கம். இரட்டை உடற்படகானால் தொல்லை அகலத்திலே தோன்றும். 45 அடி நீளமுள்ள அத்தகைய படகு 25 அடி அகலத்தை எட்டிவிடுமாதலால், ஒற்றைப் படகுக்கென்று நாட்டிய இரண்டு தூண்களுக்கிடையே அது நுழையாது. அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் மரப்பாலத்தின் கோடியில் குறுக்காக அமைந்த முகப்பு. அங்கே வாடகையும் அதிகம், வழிப்போகும் படகுகள் எழுப்பும் அலையின் மோதலும் அதிகம்.

ஆழத்தையும் உயரத்தையும் பற்றி நாற்காலியில் அமர்ந்தபடியே முடிவு செய்தவர்கள் பின்னர் வருந்தியிருக்கிறார்கள். துறையில் 7 அடி நீர் உண்டு என்று சொல்வது எந்த நேரத்து நீர் என்று கேட்க வேண்டும். கடல் வற்றும் வேளையில் துறையில் எவ்வளவு, துறைக்கு வந்து சேரும் வழியில் மிகக் குறைந்த இடத்தில் எவ்வளவு என்பவை வெவ்வேறு கேள்விகள். பாய்மரத்தின் உச்சியில் உள்ள கம்பியும் கணக்கில் சேரும். கீழைக்கரையின் உள்நீர்ப் பாதையில் நிலையான பாலங்கள் நீர்மட்டத்துக்கு மேல் 65 அடி உயரம் இருக்கும்படி கட்டுவது மரபு. ஆனால் மயாமியில் ஜூலியா டட்டில் பெயரால் வழங்கும் பாலம் மட்டும் 56 அடியே இடங்கொடுக்கிறது. 60 அடிப் பாய்மரம் உடையவர் அந்தப் பாலத்துக்குத் தவறான பக்கத்தில் இடம் பிடித்துவிட்டால், வடக்கே போகும் ஒவ்வொரு முறையும் வெளிக்கடலைச் சுற்றியே போக வேண்டியிருக்கும். வீடுகளுக்குப் பின்புறமுள்ள கால்வாய்களைப் பற்றிய விளம்பரங்களில், ‘நிலையான பாலம் இல்லை’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்பதை முதலில் பார்ப்பது இக்காரணத்தாலேதான்.

கரையிலிருந்து பெறும் மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய படகுகள் வழக்கமாக 50 ஆம்பியர் இணைப்பைக் கேட்கும். துறையில் 30 ஆம்பியர் மட்டும் இருந்தால் படகின் குளிர்சாதனங்கள் யாவற்றையும் ஒருங்கே இயக்க முடியாமற்போகலாம். அதைவிட முக்கியமானது ஒழுகும் மின்சாரம். படகின் கம்பிகளில் பழுது நேர்ந்து மின்சாரம் நீரில் கசியுமானால், அருகே நீந்துபவர், குறிப்பாக நன்னீரில், உடல் மரத்துப்போய் மூழ்கி இறக்கிறார். ஆகையால் புதிய மின் விதிகளின்படி அமைத்த இணைப்புகள் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே தாமாக அறுபட்டுவிடும். பழைய துறையில் குறையின்றி இருந்ததாகத் தோன்றிய படகு, புதிய துறைக்கு வந்தவுடன் மின்சாரத்தை மீண்டும் மீண்டும் அறுத்தால், குறை துறையில் இல்லை. எத்துணை அவசரமானாலும் எந்தத் துறையிலும் எவரையும் நீரில் இறங்கி நீந்த விடலாகாது.

காத்திருப்போர் பட்டியல் என்பது ஒரு தனி உலகம். நகராட்சிகள் நடத்தும் துறைகளில் வாடகை மிதமாயிருப்பதால் பட்டியல் நீளும்; பெரிய படகுக்கான இடங்கள் குறைவானவை, அவற்றுக்கான பட்டியலோ மிகவும் மெதுவாக நகரும். ஒரே துறையை நம்பியிராமல் பலவற்றில் பெயரைப் பதிந்து, ஆண்டுதோறும் கட்ட வேண்டிய சிறுதொகையைத் தவறாமல் கட்டி, முகவரி மாறினால் உடனே தெரிவித்து வருபவரே முடிவில் இடம் பெறுகிறார். ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதத் தவறியதால், பல ஆண்டுக் காத்திருப்பு வீணாகிவிடும் விதிகள் உண்டு. இடம் கிடைக்கும் வரையில், நகரத்தார் நிர்வகிக்கும் மிதவைக் களங்களில் படகைக் கட்டலாம். மாரத்தான் என்னும் ஊரின் பூட் கீ துறையில் 200-க்கு மேற்பட்ட மிதவைகள் இருக்கின்றன. ஆனால் குளிர்காலத்தில் அங்கேயும் வரிசை நிற்கிறது.

‘இடத்தோடு சேர்த்துப் படகு விற்பனைக்கு’ என்ற விளம்பரத்தைக் கண்டால் இருமுறை யோசிக்க வேண்டும். இந்த விஷயத்தில் ஊருக்கு ஊர் விதி மாறுகிறது. மேலைக்கரையில் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா நகரத் துறையில், நகரத்தாருக்கு மாற்றுக் கட்டணம் செலுத்தி இடத்தின் அனுமதியைப் படகோடு பிறருக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஆகவே அந்த அனுமதிக்கே சந்தை விலை ஏற்பட்டிருக்கிறது. பெரும்பாலான துறைகளிலோ படகு விற்ற அன்றே இடம் நிர்வாகத்துக்குத் திரும்பிவிடும், வாங்கினவர் பட்டியலின் கடைசியில் போய் நிற்பார். விற்பவர் பொய் சொல்லுகிறார் என்று கருத வேண்டியதில்லை, அவருக்கே தெரியாமலிருக்கலாம். துறை அலுவலகத்தின் எழுத்து மூலமான சம்மதத்தைப் பெற்று, அது கிடைக்காவிடில் முன்பணம் திரும்பும் என்ற ஷரத்தைக் கிரய உடன்படிக்கையில் சேர்த்த பின்னரே பணம் கைமாற வேண்டும்.

துறைகளில் இடம் கிடைக்காதவர் நாடுவது தனியார் வீடுகளின் பின்புறத்துக் கரைகளை. கால்வாய்க் கரையில் வீடுடையவர் தம் மரப்பாலத்தை வாடகைக்கு விடுதல் தென் ஃப்ளோரிடாவில் பெருவழக்கு. வாடகை குறைவு, அமைதி அதிகம். மோசடிக்காரருக்கும் இதுவே விளைநிலம். எவருடைய வீட்டின் படத்தையோ காட்டி, இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அவசரப்படுத்தி, மூன்று மாத வாடகையை முன்பணமாக அனுப்பச் சொல்லி, பெற்றுக்கொண்டு மறைந்துவிடுவது அவர்கள் முறை. இதற்குத் தற்காப்பு எளிது: கவுண்டியின் சொத்து மதிப்பீட்டு அதிகாரி வைத்திருக்கும் பதிவேட்டில் எந்த வீடு யாருக்குச் சொந்தம் என்பதை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பெயர் ஒத்திருந்தாலும், அந்த மனிதரை அந்த மரப்பாலத்தின் மேலேயே நின்று சந்திக்காமல் ஒரு காசும் அனுப்பலாகாது. உண்மையான சொந்தக்காரராக இருந்தாலும், குடியிருப்பு வட்டாரத்தில் கரையை வாடகைக்கு விட ஊராட்சி அனுமதிக்கிறதா, குடியிருப்போர் சங்கம் தடுக்கிறதா, வீட்டுக்காரரின் இன்ஷூரன்ஸ் பிறர் படகை ஏற்கிறதா என்று கேட்க வேண்டும். படகிலேயே இரவு தங்கி வசிப்பதைப் பல ஊர்கள் இத்தகைய கரைகளில் தடுத்திருக்கின்றன. அண்டை வீட்டாரின் ஒரு புகார் போதும். அபராதம் வீட்டுக்காரருக்கு, வெளியேற்றம் படகுக்காரருக்கு. துறைகளிலும் வசிப்போர் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும். சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவில் நூற்றுக்குப் 10 இடங்களுக்கு மேல் வசிப்போருக்குக் கொடுப்பதில்லை என்பது அங்குள்ள ஆணையத்தின் கொள்கை. வாரத்தில் எத்தனை இரவு தங்கினால் வசிப்பதாகக் கொள்ளப்படும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

ஒப்பந்தம் பொடி எழுத்தில் அச்சிட்ட பல பக்கங்கள் உடையது. கையெழுத்திடுபவர் அதை வாசிப்பதில்லை, வாசிப்பவருக்கு அது விளங்குவதில்லை. அவற்றுள் எதை வாசிக்காவிட்டாலும் மூன்றை வாசித்தாக வேண்டும். படகுக்கு நேரும் சேதத்துக்குத் துறையினர் பொறுப்பல்லர் என்ற ஷரத்து முதலாவது. தங்கள் சொந்தக் கவனக்குறைவுக்கும் தாங்கள் பொறுப்பல்லர் என்று சிலர் எழுதுகிறார்கள். இதை ஏற்பதா தள்ளுவதா என்பதில் நீதிமன்றங்கள் சொற்களின் தெளிவையும், இரு தரப்பாரின் பேர வலிமையையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கின்றன. ஆனால் அதீதமான அலட்சியத்துக்கு இத்தகைய ஷரத்து கேடயமாகாது என்பது பொதுவான நிலை. படகை நீரில் கட்டி, சாவியையும் நாமே வைத்துக்கொண்டால், துறைக்காரர் இடம் மட்டும் கொடுத்தவர். சேதத்துக்கு அவர் குற்றம் காரணம் என்று நாமே நிரூபிக்க வேண்டும். கரையேற்றிக் கொட்டகையில் வைக்கும்படி அவர் ஸ்வாதீனத்தில் ஒப்படைத்தாலோ, அது அடைக்கலப் பொருளின் தன்மையை அடைகிறது; நல்ல நிலையில் கொடுத்த பொருள் ஏன் சிதைந்தது என்று விளக்கும் சுமை அவரைச் சாரும். ஒப்படைக்கும் அன்று தேதியோடு எடுத்த படங்கள் இங்கே பெருந்துணை செய்யும்.

இரண்டாவது, இன்ஷூரன்ஸ். பிறருக்கு நேரும் சேதத்துக்கு இவ்வளவு தொகைக்குக் காப்பு வேண்டும், துறையின் பெயரையும் அதில் சேர்க்க வேண்டும் என்று கேட்பார்கள். அதைச் செய்யுமுன், சேதத்துக்குக் காரணமானவர் மேல் வழக்கிடும் உரிமையைத் துறைக்காரருக்காக முன்கூட்டியே விட்டுக்கொடுத்தால் தம் காப்பு ரத்தாகுமா என்று இன்ஷூரன்ஸ்காரரிடம் எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும். மூழ்கிய படகை எடுத்து அகற்றும் செலவு காப்பில் அடங்கியிருப்பதும் அவசியம்.

மூன்றாவது புயல். அட்லாண்டிக் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, ஆண்டில் பாதி. 1992-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆண்ட்ரூ என்னும் சூறாவளி தென் ஃப்ளோரிடாவைத் துவம்சம் செய்த பின்னர், மாகாணச் சட்டசபை மனிதாபிமானம் மிக்க ஒரு விதியை இயற்றிற்று. முன்பெல்லாம் புயல் வருகிறது என்றவுடன் படகுகளை வெளியேற்றும்படி துறையினர் உத்தரவிடுவார்கள்; தம் மரப்பாலங்களைக் காக்க அவர்கள் செய்த அந்தக் காரியத்தினால், படகுக்காரர் தம் உயிரைப் பணயம் வைத்துக் கொந்தளிக்கும் நீரில் புகலிடம் தேடி அலைந்தார்கள். 1994 ஜூன் 1-க்குப் பின், சூறாவளி முன்னறிவிப்போ எச்சரிக்கையோ பிறந்துவிட்டால், படகைத் துறையிலிருந்து அகற்றியாக வேண்டும் என்று துறையினர் கட்டாயப்படுத்துவதைச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. சொத்தைவிட உயிர் பெரிது என்ற காரணத்தைச் சட்டமே வாய்விட்டுச் சொல்லுகிறது. ஆனால் இதன் எல்லையை அறிந்துகொள்ள வேண்டும். முன்னறிவிப்பு, பலத்த காற்று வந்து சேருவதற்குச் சுமார் 48 மணி நேரத்துக்கு முன்னும், எச்சரிக்கை 36 மணிக்கு முன்னும் வெளியாகின்றன; அவற்றுக்கும் முந்திய நேரத்தைக் குறித்து ஒப்பந்தம் ஏதேனும் விதித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அன்றியும், படகைச் சொந்தக்காரர் அகற்றாவிட்டால், தாமே அதை வடங்களால் இறுக்கிக் கட்டவோ இடம் மாற்றவோ, அதற்குக் கூலி வசூலிக்கவோ துறையினர் ஒப்பந்தத்தின் மூலம் அதிகாரம் பெறலாம். அவ்வாறு செய்கையில் வேண்டுமென்றே செய்த தீங்குக்கும் கவனக்குறைவுக்கும் மட்டும் அவர்கள் பொறுப்பாவார்கள். இன்ஷூரன்ஸ்காரரோ, புயல் காலத்தில் இன்ன அட்சரேகைக்கு வடக்கே படகு இருக்க வேண்டும் என்று தம் பங்குக்கு ஒரு ஷரத்து விதித்திருப்பார். சட்டம் இருக்கலாம் என்கிறது, பாலிஸி போய்விடு என்கிறது. இந்த முரண்பாட்டை மே மாதத்திலேயே தீர்த்துக்கொள்ளாதவர் செப்டம்பரில் என்ன செய்வார்?

துறையே அழிந்துபோகும் நாளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2017 செப்டம்பரில் இர்மா சூறாவளி, மயாமி நகரத்தாரின் டின்னர் கீ துறையைச் சிதைத்தது. அங்கே கட்டியிருந்த நூற்றுக்கணக்கானோர் வேறிடம் தேட நேர்ந்தது, சீரமைப்பு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அத்தகைய சமயத்தில் முன்பணமாகக் கட்டிய வாடகை திரும்புமா, மீண்டும் கட்டிய துறையில் பழையவர்களுக்கு முன்னுரிமை உண்டா என்பவற்றை ஒப்பந்தம் சொல்லாவிட்டால், பின்னர் எவரும் சொல்லமாட்டார்கள்.

வாடகை பாக்கி விழுந்தால் நடப்பதுதான் இவை யாவற்றிலும் கடுமையானது. தரையில் வாழ்ந்து பழகினவர்க்கு நம்பவும் கடினமானது. கடற்சட்டத்தில் படகே பிரதிவாதி. படகுக்கு அவசியமானவற்றை அளித்தவருக்குப் படகின் மேலேயே பற்று, அதாவது கடனுக்காகப் படகையே பிடிக்கும் உரிமை, உண்டு என்று அமெரிக்க மத்திய சட்டம் சொல்லுகிறது. துறை வாடகையும் அவசியங்களுள் ஒன்றாக நீதிமன்றங்களால் ஏற்கப்பட்டிருக்கிறது. பாக்கி வைத்தால், துறைக்காரர் மத்திய நீதிமன்றத்தில் படகின் பேரிலேயே பிராது கொடுத்து, அரசாங்க மார்ஷல் வந்து படகைக் கைது செய்து, முடிவில் ஏலத்தில் விடச் செய்யலாம். இடையில் படகைக் காவல் காக்கும் செலவும் ஏறிக்கொண்டே போகும். ஏலப்பணத்தில் அந்தச் செலவுக்கே முதல் பங்கு.

இதன் பயங்கரத்தை உலகறியச் செய்த வழக்கு ஒன்று உண்டு. ரிவியரா பீச் என்னும் ஃப்ளோரிடா நகரத்தின் துறையில், ஃபேன் லோஸ்மன் என்பவர் ஒட்டுப்பலகையால் கட்டிய சுமார் 60 அடி நீளமுள்ள மிதக்கும் வீட்டில் வசித்துவந்தார். துறையை மாற்றியமைக்கும் திட்டத்தை எதிர்த்து அவர் நகரசபையோடு மல்லாடிவந்தார். அவரை வெளியேற்ற மாகாண நீதிமன்றத்தில் நகரத்தார் தொடுத்த வழக்கும் தோற்றது. பின்னர் அவர்கள் 2009-ல் மத்திய நீதிமன்றம் சென்று, வீட்டைக் கப்பலாகப் பாவித்து அதன் பேரிலேயே வழக்குத் தொடர்ந்தார்கள். வாடகை பாக்கிக்கு 3,039 டாலர் 88 செண்டும், அத்துமீறலுக்குப் பெயரளவில் 1 டாலரும் தீர்ப்பாயின. ஏலத்தில் நகரத்தாரே வீட்டை எடுத்து, உடைத்தும் போட்டார்கள். மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரையில் சென்றது. 2013 ஜனவரி 15-ல், ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர், ஆட்களையோ பொருள்களையோ நீரில் கொண்டுசெல்வதற்கென அமைந்ததாக நியாயமான எவரும் கருதமாட்டாத அந்த வீடு கப்பலே அன்று, ஆகையால் கடற்சட்டம் அதன்மேல் செல்லாது என்று தீர்த்தார்கள். வென்றவருக்கு வீடு இல்லை. இந்தத் தீர்ப்பைக் காட்டித் தப்பலாம் என்று பயணப்படகு உடையார் எண்ணிவிடலாகாது. இயந்திரமும் பாயும் சுக்கானும் உடைய படகு சந்தேகமறக் கப்பல்தான்.

கைதான படகுக்குப் பரிகாரம் இல்லாமலில்லை. நீதிமன்றத்தில் ஈடு கட்டிப் படகை விடுவித்துக்கொண்டு வழக்கை நடத்தலாம். கைது செய்தது முறையல்ல என்று கருதினால், தாமதமின்றி விசாரணை கோரும் உரிமையும் படகுடையாருக்கு உண்டு. தொகையில் தகராறு இருந்தால் கட்டணத்தை அடியோடு நிறுத்திவிடாமல், தகராறில்லாத பகுதியைக் கட்டி, மீதியை ஆட்சேபத்துடன் கட்டுவதாக எழுத்தில் தெரிவித்து ரசீது வாங்கிக்கொள்பவரே பிற்பாடு நீதிமன்றத்தில் நிமிர்ந்து நிற்கிறார். திருப்பித் தராத முன்பணம் போன்ற சிறு விவகாரங்களை, 8,000 டாலர் வரையில், ஃப்ளோரிடாவின் சிறு வழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே நடத்தலாம். மோசடியானால் உள்ளூர்ப் போலீசுக்கும், மாகாண அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கும் புகார் எழுதுவதோடு, பணம் அனுப்பிய பாங்கிக்கு அன்றைக்கே தெரிவிக்க வேண்டும். மறுநாளென்றால் பணம் போய்விடும். கைது, ஏலம் என்ற அளவுக்கு வந்துவிட்டாலோ, கடற்சட்டம் பயின்ற வக்கீலைத் தவிர வேறெவரையும் நம்பிப் பயனில்லை.

இந்தப் பற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. அது எந்தப் பதிவேட்டிலும் பதிய வேண்டிய அவசியம் இல்லாதது. படகு கைமாறினாலும் கூடவே வருவது. பழைய சொந்தக்காரர் எந்தத் துறையிலோ பாக்கி வைத்துவிட்டு விற்ற படகை, புதியவர் கையிலிருந்தே பிடிக்கலாம். கடலோரக் காவற்படையில் பதிவான படகானால் அதன் உரிமைச் சுருக்கத்தைப் பெற்று, பதிந்துள்ள கடன்களைப் பார்க்கலாம். பதியாதவை அதில் தெரியா. ஆகவே, படகு கடைசியாக நின்ற துறைகளிடம் நேரிலேயே கேட்டு, பாக்கி இல்லை என்ற கடிதத்தை விற்பவரைக் கொண்டு வாங்குவிக்க வேண்டும். நாம் ஒரு துறையை விட்டுப் புறப்படும்போதும் ஒப்பந்தம் கேட்கும் முன்னறிவிப்பை எழுத்தில் கொடுத்து, மின்சாரக் கணக்கைத் தீர்த்து, காலியான இடத்தைத் தேதியோடு படம் பிடித்து, அதே கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படகின் பத்திரங்களோடு சேர்த்து வைக்க வேண்டும். பின்னொரு நாள் அதை விலைக்குக் கேட்டு வருபவர், விவரம் அறிந்தவரானால், இயந்திரத்தைப் பார்க்குமுன் கேட்கப்போவது அந்தக் கடிதத்தைத்தான்.